மறியலில் மாட்டிய அப்டேட்

கம்ப்யூட்டரை இயக்குகிற ஓ.எஸ். என்ற மென்பொருளைப் போடுகிற தொழிலில் இருப்பவரைச் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு மறக்காமல் கூப்பிடுவார்கள். பந்தி முடிந்து கை கழுவும் இடத்திலேயே, "மாடில பெட்டி ஒண்ணு தெறக்க மாட்டேங்குது, ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடேன்" என்பார்கள். உங்களையும் யாராவது அப்படி மாடிக்கு அழைத்துப் போயிருந்தால், நாம் ஒரே கட்சி. நான் கள்ளக்குறிச்சியில் வீடு வீடாகப் போய் இந்த வேலை செய்தவள். ஊரெல்லாம் இட ஒதுக்கீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரு சங்கம் தனி ஒதுக்கீடு கேட்டது. இன்னொரு சங்கம் கொடுக்கவே கூடாது என்றது. அப்டேட் மட்டும் இரண்டு தரப்பு வீடுகளிலும் ஒரே மாதிரி பாதியில் நின்றது.

அணைக்காதீர்கள்

சங்கராபுரத்தில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அப்டேட் ஓடும்போது 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று திரையில் வருமே, அதைப் பார்த்த உடனே எழுந்து போய் வயரைப் பிடுங்கிவிட்டார். பெட்டி அதோடு படுத்துவிட்டது. ஏன் சார் பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். "இஸ்கோல்ல எல்லாருக்கும் உத்தரவு போட்டவன் நானு. எங்காசுல வாங்கின பெட்டி எனக்கு உத்தரவு போடுது. இந்த வூட்ல என்னை எதிர்த்து ஒருத்தரும் ஒரு வார்த்த சொன்னது இல்லமா" என்றார்.

டீ கொண்டுவந்த மருமகள் டம்ளரை என் பக்கத்தில் வைத்தாள். அவர் பாத்ரூம் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "எம் மூஞ்சிலயும் எழுதித்தான்க்கா இருக்கு. மாமா அதைப் படிக்கிறதில்ல."

சாருக்கு நாற்காலி

என் கணவர் சேவியருக்கு அரிசி ஆலையில் வேலை. நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது சீட்டு விளையாடுவது மட்டும்தான். பந்த் என்று பஸ் நின்றுபோகும் நாட்களில் அவர்தான் என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவார்.

அப்படி ஒரு நாள் ஜவுளிக்கடை பாய் வீட்டுக்குப் போனோம். பாய் சேவியருக்கு நாற்காலி போட்டு, எதிரே உட்கார்ந்து பெட்டியின் வியாதியை விவரிக்க ஆரம்பித்தார். "அப்டேட்டு பாதி ஏறினதும் நீலமா ஆயிடுது சார். அப்பறம் தானா அணைஞ்சி எரியுது சார்." சேவியர் கொஞ்சம் யோசித்து, "சூடு ஜாஸ்தியாவுதா?" என்று கேட்டார். நெல் உலர்த்துகிறவர் வேறு என்ன கேட்பார். பாய்க்கு ஒரே சந்தோஷம். இதுவரை வந்தவன் ஒருவனும் இதைக் கேட்கவில்லையாம். நான் மேஜைக்கு அடியில் படுத்து, மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். அப்டேட் ஏறிவிட்டது. பாய் சேவியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தலையில் ஒட்டடையோடு நான் வெளியே வந்து வண்டியில் ஏறினேன்.

தெருமுனை திரும்பியதும் சேவியர் மெதுவாகச் சொன்னார்: "அந்த நீலம் இன்னாத்துக்கு வருதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு. அடுத்த வாட்டி அவரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது."

தலைவர் வீட்டு அவசரம்

தனி ஒதுக்கீடு கேட்ட சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவருக்கு உளுந்தூர்பேட்டையில் வீடு. ஒரு நாள் காலையில் போன் செய்தார். மகள் மலர்விழி காலேஜுக்கு ஆன்லைனில் இடம் தேர்வு செய்ய அன்றுதான் கடைசி நாள். பெட்டி தானாக அப்டேட் போட ஆரம்பித்திருக்கிறது, நடுவில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனாலும் பெட்டியைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற யு.பி.எஸ். அவர் வீட்டில் இல்லை. இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. போனில் அந்த வலைத்தளம் பாதிக்குமேல் நகரவில்லை. ப்ரௌசிங் சென்டருக்குப் போகலாமென்றால், எல்லாக் கடைகளையும் அடைக்கச் சொன்னதே இவருடைய ஆட்கள்தான்.

அடைப்பு அவர் ஊரில் மட்டும்தான், கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடியது; ஏறினேன். உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் பஸ்ஸும் நின்றது. திரும்பவும் அவர் போன்.

"எங்கம்மா இருக்கீங்க? பொண்ணு அழுதுக்கினு இருக்குதாம்."

"ரோட்ல மறியல்ங்க. பஸ்ஸு நவுரல."

"எவன் அது, இந்நேரத்துல மறியல் பண்றவன்?"

"நீங்கதாங்க."

அவர் குரலுக்குப் பின்னால் போனில் கேட்ட கோஷம், ஜன்னல் வழியாகவும் கேட்டுக்கொண்டிருந்தது. "இருங்க, ஆளு அனுப்பறேன்" என்றார்.

துண்டு போட்ட இரண்டு பேர் வந்து என்னை லாரிகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போனார்கள். ஒருவர் வழியிலேயே, "நீங்க எந்த ஆளுங்கம்மா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர் ஆளுங்க" என்றேன். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் பையை வாங்கிச் சுமந்தார்.

மலர்விழிக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. மதியச் சாப்பாடு தட்டில் அப்படியே காய்ந்திருந்தது. பாதி ஏறிய அப்டேட்டைக் கழற்றி, பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். முதல் தடவை திரும்பவில்லை. இரண்டாவது தடவையும் கறுப்புத் திரைதான். இந்தப் பெண்ணின் ஒரு வருடம் என் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த முறை பெட்டி திறந்தது. அவள் காலேஜ்களை வரிசையாகப் போட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தினாள். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது.

அடுத்த அறையில் டிவியில் அவளுடைய அப்பா பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளின் படிப்புக்காக உயிரையும் கொடுப்போம் என்றார். மலர்விழி காய்ந்த சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "உசுரெல்லாம் வாணாங்க்கா. ஒரு யு.பி.எஸ். வாங்கிக் குடுத்தா போதும்."

சாதி இல்லாத கலர்

எதிர்த்தரப்புச் சங்கத்தில் இருந்தவர் ரிஷிவந்தியம் உரக்கடைக்காரர். அவர் வீட்டுப் பெட்டிக்குப் புது ஓ.எஸ். போட்டேன். புது ஓ.எஸ். தன்னோடு ஒரு படத்தையும் கொண்டுவந்து திரையில் ஒட்டும். மறுநாளே போன். வீட்டுக்கு வந்த சங்கத்து ஆட்கள் திரையைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் எப்போது தாவினீர்கள் என்று கேட்டுவிட்டார்களாம். படத்தின் நிறம் அந்தப் பக்கத்துக் கொடியின் நிறம்.

பச்சை வைக்கட்டுமா என்றேன். அது வேறு ஒருவருடையது. சிவப்பு? மச்சினன் கட்சி, பேச்சுவார்த்தை இல்லை. கறுப்பு என்றதும் பயந்தே போனார். அதற்குமேல் என்னிடம் நிறம் இல்லை. அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "சாதி இல்லாத கலரா ஏதாவது ஒண்ணு போட்டுக் குடும்மா, நான் உரம் விக்கணும்."

அசலா, போலியா

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மகள் படிப்பதற்காக யாரிடமோ வாங்கியது. மலையில் எப்போதாவது சிக்னல் கிடைத்தால் உடனே அப்டேட் தேடும். அப்டேட் வந்ததும் திரை கறுத்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதும். அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. படித்துச் சொன்னேன்: "இதுல இருக்கற ஓ.எஸ். அசல் இல்லைன்னு சொல்லுதுங்க. உங்கள யாரோ ஏமாத்தியிருக்கலாம்னும் போட்டிருக்கு."

அவருக்குக் கோபம் வரவில்லை. மகளுக்கு மலைச்சாதிச் சான்றிதழ் கேட்டு அந்த வருடம் முழுக்க அவர் ஆபீஸுக்கு நடந்துகொண்டிருந்தார். தாத்தா பெயர் என்ன, குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன சடங்கு என்று ஆளுக்கொன்று கேட்டிருக்கிறார்கள். கீழே ரோட்டில் உட்கார்ந்தவர்களோடு பேச மந்திரிகள் வந்தார்கள். மலையில் பிறந்தவரோ, தான் மலையில் பிறந்ததற்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தார். காசு கேட்காத வேறொரு ஓ.எஸ். இருக்கிறது, அது இப்படியெல்லாம் கேட்காது என்று சொல்லி அதைப் போட்டுக் கொடுத்தேன். பெட்டியைத் திரும்பப் போர்வையில் சுற்றும்போது கேட்டார்: "பொட்டிக்கு ஒரே மத்தியானத்துல மாத்திக் குடுத்துட்டீங்க. எம் பொண்ணு அசலுதான்னு ஒத்துக்கற மாதிரி அந்த ஆபீஸுக்கு எதுனா போட முடியுங்களா?"

அப்டேட் என்பது பழைய கோளாறுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுவது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த ரகசியம். நான் பார்த்த மனிதர்கள் மட்டும் பழையதையும் எடுக்க விடாமல் புதியதைப் போட்டுக்கொண்டு, ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று என்னைக் கேட்டார்கள்.