மைனி சொன்ன ‘கெழக்க’

1. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஓடுதள அலுவலகத்துக்குப் போன் செய்து, “சார், ஆரம்பிக்கப் போறோம்” என்றேன். “ஏழே முக்காலுக்கு ஒரு விமானம் வரலாம். முன்னப்பின்ன ஆகும். கண்ணும் காதும் தொறந்திருக்கட்டும்” என்றார் போனை எடுத்தவர்.

2. ஆறே முக்காலுக்கு என் விமானத்தை ஏற்றினேன். ஃபோமில் செய்தது, ரிமோட்டில் பறப்பது, இறக்கை ஒரு மீட்டர்.

3. இரண்டு பேட்டரி தீர்ந்தது. எதுவும் உடையவில்லை. இதை நான் அடைந்த சாதனையாகவே எழுதுகிறேன்.

4. ஏழரைக்குச் சற்று முன்பு, மூன்றாவது பேட்டரியில், மைனி “கெழக்க!” என்று கத்தினார்.

5. நான் விமானத்தைக் கிழக்கே திருப்பினேன்.

6. உண்மையான விமானம் வந்துகொண்டிருந்ததும் கிழக்கில்தான்.

மைனி என் அண்ணன் மனைவி. மேலநீலிதநல்லூர் பக்கத்துக்காரர். நான் சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு மென்பொருளைச் சோதித்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு பொருள் எங்கெங்கே கெட்டுப்போகும் என்று வரிசையாக எழுதுவதுதான் என் தொழில். ஒரு மாதம் கம்ப்யூட்டரில் பொய் விமானம் ஓட்டி, அதைப் பலமுறை தரையில் மோதிய பிறகுதான் நிஜமானதை வாங்கினேன். பார்சலைப் பிரித்ததும் மைனி கேட்டார்:

“இத எங்கன வச்சு ஓட்டுவ? மொட்டமாடியிலயா?”

“பெரிய வயல் வேணும் மைனி. ஆளு, கரண்டு கம்பி, ரோடு எதுவும் கிட்ட இருக்கக் கூடாது.”

“எங்க அப்பா வயல்ல இப்ப மக்காச்சோளம் அறுத்துக் கெடக்கு. கேக்கட்டா?”

கேட்டார். மறுநாளே மைனியின் அப்பா டிராக்டருக்குப் பின்னால் கனமான பலகையைக் கட்டி இழுத்து, சோளத்தாள்களை வாரி, முப்பது அடி அகலத்தில் ஒரு பாதையைச் சமப்படுத்திவிட்டார். வரப்பு ஓரக் கருவேலச் செடிகளையும் வெட்டியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் வான்வெளி வரைபடத்தைத் திறந்தேன். பட்டியலில் முதலாவதாகச் செய்திருக்க வேண்டியது அது. பச்சை என்றால் தாராளமாகப் பறக்கலாம். மஞ்சள் என்றால் கேட்டுவிட்டுத்தான். சிவப்பு என்றால் நினைக்கவே கூடாது. கிழக்கே பயிற்சி விமானங்கள் வந்துபோகும் சிறிய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. வயல் அதன் மஞ்சள் வட்டத்தின் ஓரத்துக்குள் விழுந்தது.

மைனியின் அப்பாவிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. வெட்டிய கருவேலம் இன்னும் வாடாமல் குவிந்து கிடந்தது. அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

“நெலத்துக்குப் பட்டா எங்கிட்ட இருக்கு. ஆகாசத்துக்கு யாருக்கும் பட்டா போட்டுக் குடுத்த மாதிரி தெரியலயேம்மா.”

“அங்கன ஏரோப்ளேன் வருதுல்லா மாமா. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.”

“கேளு. கேக்கதுல என்ன கொறஞ்சிரப் போறோம்.”

ஓடுதள அலுவலகத்தில் போனை எடுத்தவர் முதலில் என்னைக் கல்யாண வீட்டு டிரோன்காரி என்று நினைத்தார். இல்லை என்று புரியவைத்ததும், “பொம்மை விமானமா?” என்றார். “சின்ன விமானம் சார்” என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். இடம், நேரம், எடை, உயரம் எல்லாம் போட்டு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். உயரம் அறுபது மீட்டர் என்று இருந்ததைப் பார்த்து மைனி, “அறுவது மீட்டர்னா எனக்கு என்னத்தத் தெரியும்?” என்றார். தெற்கு வரப்பில் பனைகள் நிற்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பனை என்று கணக்கு வைத்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஞாயிறு காலை ஆறரை முதல் எட்டரை வரை. மூன்று பனைக்கு மேல் போகக் கூடாது. ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் போன் செய்ய வேண்டும். வானத்தைப் பார்க்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பெரிய விமானம் கண்ணில் பட்டாலோ காதில் விழுந்தாலோ நம்முடையது அந்த நிமிடமே தரைக்கு வர வேண்டும். எட்டரை எனக்கும் வசதிதான். ஒன்பதரை மணி சர்ச் ஆராதனைக்குள் வீடு திரும்பாவிட்டால் அம்மா கொடுக்கும் அனுமதி ரத்தாகிவிடும்.

வானம் பார்ப்பவராக மைனி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளாஸ்க், தொப்பி சகிதம்.

புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் வலது நம் வலது. நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நம் இடது. தூரத்தில் போய்விட்டால் வருகிறதா போகிறதா என்பதே தெரியாது. முதல் நாள் மைனி உதவி செய்யப் பார்த்தார்.

“ரைட்டுல திருப்புட்டி!”

“யாரு ரைட்டு மைனி?”

“என் ரைட்டு!”

விமானம் சோளத்தாளில் போய்ச் சொருகிக்கொண்டது. புரொப்பல்லர் ஒன்று காலி.

அன்று மாலை அடுப்படியில் மைனி, “வடக்க இருக்க டப்பாவை எடு” என்றார். நான் எடுத்தேன். அதில் யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. எங்கள் ஊரில் வீடு தெற்கே பார்த்திருக்கும், பஸ் மேற்கே திரும்பும், ஆள் கூடக் கிழக்கே தள்ளித்தான் உட்காருவார். வலது, இடது எல்லாம் பரீட்சைக்குப் படித்தது. விமானம் எந்தப் பக்கம் மூஞ்சியை வைத்திருந்தாலும் வடக்கு வடக்குதானே! அடுத்த ஞாயிறு முதல் மைனி திசை சொன்னார், நான் திருப்பினேன். காலை வெயில் கண்ணில் விழாமல் நான் மேற்கே பார்த்து நின்று அந்தப் பக்கம் பறக்கவிட்டேன். மைனி நாற்காலியை வடக்கே பார்த்துப் போட்டுக்கொண்டு, இடப்பக்கம் திரும்பி என் விமானத்தையும், வலப்பக்கம் திரும்பி ஓடுதளத்துப் பக்க வானத்தையும் பார்த்தார். என் விமானம் ரொம்பத் தள்ளிப் போனால் “கெழக்க!” என்பார். இந்தப் பக்கம் கொண்டுவா என்று அர்த்தம். ஒரு காலையில் அதைக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார். பிரமாதமான ஏற்பாடு என்று நான் டயரியில் எழுதிவைத்தேன்.

ஆகவே அந்த ஞாயிறு அவர் “கெழக்க!” என்று கத்தியதும் என் விரல் கேள்வி கேட்கவில்லை. விமானம் திரும்பி, எங்களை நோக்கி வந்து, தலைக்கு மேலேயே கடந்தது.

“ஏட்டி, அங்கன எதுக்குட்டி விடுத! அங்கனதான் ஏரோப்ளேன் வருது!”

“நீங்கதான கெழக்கன்னீங்க!”

“கெழக்க வருதுன்னேன்! கெழக்க போன்னா சொன்னேன்?”

அப்போதுதான் எனக்கு இன்ஜின் சத்தம் கேட்டது. மோட்டாரை அணைத்தேன். விமானம் கிழக்கு வரப்புக்கு இந்தப் பக்கம் மூக்கு குத்தி விழுந்தது. பெரிய விமானம், இரண்டு பேர் உட்காரும் வெள்ளை விமானம், இரண்டு ஊர் தள்ளி, எங்களைவிட எவ்வளவோ உயரத்தில், தன்பாட்டுக்கு ஓடுதளத்தைப் பார்த்துப் போனது. ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் என்னுடையது அதை நோக்கிப் போயிருந்தது.

விமானத்தை எடுத்துக்கொண்டு வந்தோம். மைனி ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடினார்.

“யாரும் பாக்கல. சொன்னா அனுமதியப் புடுங்கிருவாங்க, கேட்டியா. அப்பா வேற பாதைக்குத் தண்ணி தெளிச்சு இறுக்கணும்னு சொல்லிட்டு இருக்காங்க.”

அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இறக்கியாகிவிட்டது என்று எப்படியும் போன் செய்தாக வேண்டும். அந்த ஒரு வரியைச் சொல்லி வைத்துவிடலாம், பொய்யும் ஆகாது. முழுசாகச் சொன்னால் வயல் போய்விடலாம். மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய அனுமதி, வெட்டிய கருவேலம், மைனியின் தொப்பி எல்லாம் கண்ணுக்குள் வந்தன. ஆனாலும் போன் செய்து, நடந்ததை ஒன்று முதல் ஆறு வரை அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“கேட்டதும் எதுக்கும்மா அங்கன திருப்புனீங்க?”

“அவங்க ‘கெழக்க’ன்னாங்க சார். விமானம் கெழக்க வருதுங்கிற அர்த்தத்துல. நான் கெழக்க திருப்பச் சொல்லுதாங்கன்னு நெனைச்சிட்டேன்.”

அவர் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை. போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மைனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டம்மா ஒரு நாள் தோட்டத்துல ‘மேக்க, மேக்க’ன்னா. நான் மேக்க போய் நின்னேன். அங்கன பாம்பு கெடக்குன்னுதான் அவ சொல்லிருக்கா.” பிறகு குரல் மாறியது. “சிரிச்சதால விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. ரெண்டு ஞாயிறு பறக்கக் கூடாது. என்ன மாத்தப் போறீங்கன்னு எழுதி அனுப்புங்க. படிச்சிட்டுத்தான் மேக்கொண்டு பேச்சு.”

எழுதும்போதுதான் விளங்கியது. மைனி மீது தப்பில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்து, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது நான். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லத் தேவையில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் போதும். அதற்கு வேறெதோடும் குழம்பாத சத்தம் ஒன்று வேண்டும். நான் ‘இறக்கு’, ‘தரை’ என்று சொற்களாக எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். மைனி பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையிலிருந்து ஒரு விசில் வாங்கி வந்து மேஜையில் வைத்தார்.

“ஒரு விசில் அடிச்சா நிப்பாட்டணும். ரெண்டு விசில் அடிச்சா போலாம் ரைட். இது தெரியாத ஆளு தமிழ்நாட்டுல உண்டா?”

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். வானம் பார்ப்பவர் இனி வானத்தை மட்டும் பார்ப்பார், கிழக்கே முகம் வைத்து. திசை சொல்லும் பழக்கம் நின்றது. தூரம் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்த இரண்டு ஞாயிறும் வீட்டிலேயே பழகினோம். நான் கம்ப்யூட்டரில் பறப்பேன், மைனி அடுப்படியிலிருந்து நினைத்த நேரத்துக்கு ஊதுவார், பத்து எண்ணுவதற்குள் நான் இறக்க வேண்டும். ஐந்தாவது விசிலுக்கு அம்மா எட்டிப் பார்த்து, “புளியங்குடி பஸ்ஸு நம்ம வீட்டுக்குள்ள வந்துதான் போகுதோ?” என்று கேட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு எட்டு மணி வாக்கில், நானும் மைனியும் முதுகோடு முதுகாக இருந்தபோது, ஒற்றை விசில் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டாரைக் குறைத்து, காற்றுக்கு எதிராகத் திருப்பி, மைனியின் அப்பா சமப்படுத்திய பாதைக்குக் கொண்டுவந்தேன். சக்கரம் தொட்டது, ஒரு துள்ளு துள்ளியது, ஓடி, தானாக நின்றது. புரொப்பல்லர் முழுசாக இருந்தது. நிஜ மண்ணில், நிஜச் சக்கரத்தில், என் முதல் ஒழுங்கான இறக்கம். வரப்பில் நின்ற மைனியின் அப்பா, “இதுக்குத்தான பலகை போட்டேன்!” என்று கத்தினார். மைனி மட்டும் வெள்ளை விமானம் ஓடுதளத்தில் இறங்கி மறையும் வரை கிழக்கே பார்த்தபடியே இருந்தார். அதன் பிறகு இரண்டு விசில் ஊதினார். நான் மறுபடி ஏற்றினேன்.

இப்போது நிலைமை இது: அனுமதி தொடர்கிறது. மழை வந்து உழவு தொடங்கும் வரை வயல் எங்களுக்கு. இதுவரை உடைந்த புரொப்பல்லர் ஆறு. விசில் வந்த பிறகு உடைந்தது ஒன்று. மைனி ரிமோட் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார், அப்போது விசில் என்னிடம் இருக்கும். ‘கெழக்க’ என்ற சொல்லுக்கு வயலில் தடை. அடுப்படியில் டப்பா எடுக்க மட்டும் அதைச் சொல்லலாம்.