வசவாசிப் பைகளும் ஏசி மோட்டரும்

வாப்பா பாரிசவாதத்தில் படுத்த பிறகு அவருடைய முதுகில் புண் விழுந்தது. வேர்வை படாமல் வைத்திருந்தால்தான் காயும் என்றார் டாக்டர். அதற்காகவே பல்லேபொலயில் எங்கள் சின்ன வீட்டுக்கு ஏசி வந்தது. புண்ணின் ஓரம் மூடத் தொடங்கியிருந்த நேரத்தில், ஒரு மத்தியானம் குளிர் நின்று வெறும் காற்று வந்தது.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எது நடந்தாலும் எனக்குக் கெட்டதுதான் முதலில் தோன்றும். வெடித்துவிடுமோ என்று பயந்து சுவிட்சை நிறுத்திவிட்டு மாத்தளையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன்.

அவர் வந்து, எங்கள் வீட்டின் பின்சுவரில் இருந்த ஏசியின் வெளிப்பெட்டி ஓடும்படி சுவிட்சைப் போடச் சொன்னார். உள்ளே உறுமியது, விசிறி அசையவில்லை. நிறுத்திவிட்டு, விசிறியைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மாற்றினார். அப்போதும் அசையவில்லை. கடைசியில் கரண்டைத் துண்டித்துக் கையால் சுற்றிப் பார்த்தார். இறுகிக் கிடந்தது. அண்ணன் முறை வைத்து என்னை நானா என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"மோட்டர் போயிட்டு நானா. இது என்ன, முன்னுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?"

வசவாசி. சாதிக்காய்க் கொட்டையைச் சுற்றி இருக்கும் சிவப்புத் தோல், சாதிபத்திரி. மழை விடாததால் உம்மா அதைக் காயவைக்க வலைப்பைகளில் நிரப்பி, பெட்டியில் சூடான காற்று வெளியே வரும் கம்பியில் நெருக்கிக் கட்டியிருந்தார். தினமும் பார்த்தேன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"சும்மா போற சூடுதானே மகன்," என்றார் உம்மா மெக்கானிக்கிடம்.

"அது வெளிய போகணும்மா. அடைச்சா மோட்டர்தான் வேகும். இத ரொட்டி சுடுற போறணைன்னு நெனச்சிட்டீங்களா?"

உம்மா சிரிக்கவில்லை. "நாளைக்குச் சரி வருமா?"

"கண்டியில மோட்டர் இருந்தா வரும்."

அன்று முழுக்கப் புழுக்கம். மேசை விசிறி சூட்டைத்தான் வீசியது. உம்மா அட்டைத் துண்டால் வாப்பாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். தாங்க என்று கேட்டேன், தரவில்லை. வாப்பாவின் பேச்சு போய் மாதங்கள் ஆகியிருந்தன. அவர் உம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புது மோட்டரைப் பூட்டியதும் விசிறி சுற்றியது. அறை குளிர்ந்த பிறகு வாப்பாவைப் பக்கவாட்டில் திருப்பித் துணியை விலக்கினேன். மூடிய ஓரம் மறுபடி விரிந்து ஈரமாக இருந்தது.

"எப்படி மகன்?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மருந்து போடுவது உம்மாதான்.

"தொறந்திருக்கு உம்மா."

உம்மா எழுந்து போனார். கையைக் கழுவிவிட்டு வந்து பஞ்சை நனைத்தார்.