இருபத்துநான்கு ஏரிகள்

கிருத்திகை நாளில் திருத்தணியில் ஒரு வாய்மொழித் தேர்வை வைக்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்குப் போன ஷேர் ஆட்டோவில் பதினோரு பேர். நான் பதினோராவது ஆள், பாதி உடம்பு வெளியே. அதில் மொட்டைத் தலை மட்டும் நாலு. யார் தலைச் சந்தனமோ என் சட்டைத் தோளில் அப்பிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே கருத்தரங்கக் கூடத்துக்குள் போனேன். நாற்பது நாற்காலிகள். ஆறு மின்விசிறிகளில் நாலுதான் ஓடின. ஓடாத ஒன்றின் கீழே எனக்கு இடம் கிடைத்தது.

அந்தக் கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அன்று தேர்வுக்கு நின்ற பெண் முதலில் என்னிடம்தான் ஆய்வுக்குச் சேர்ந்தாள். நான் ஓய்வு பெற்றபோது நெறியாளர் பொறுப்பு என் இளைய சகா ஒருவருக்குப் போனது. அதனால் அன்றைக்கு நான் வெறும் பார்வையாளன். ஆனால் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொதுவானது. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் நெறியாளர் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். நான் வந்ததே அதற்காகத்தான்.

வாசலில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். நாலு விசைத்தறி வைத்திருப்பவர். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, எங்கே பேசினாலும் உரக்கத்தான் பேசுவார்.

"வாங்க சார்! இப்பதான் வந்துகினு கீறீங்களா? கிருத்திகைன்னு தறிய நிறுத்திட்டேன். அல்லாரையும் இட்டுகினு வந்துட்டேன்."

எண்ணிப் பார்த்தேன். உறவுக்காரர்கள் இருபத்தாறு பேர். அதில் மைத்துனர் முறைக்காரர் ஒருவர் அவரைச் சீண்டினார்.

"பாவா, பொண்ணு டாக்டர் ஆயிட்டா இனிமே காய்ச்சல்னா உன் வூட்டுக்கே வந்துடலாமா?"

"ஏரிக்குக் காய்ச்சல் வந்தா அவ பாப்பா. உனுக்கு வந்தா ஆஸ்பத்திரிக்குப் போ."

ஏரிகள்தான் அவளுடைய ஆய்வு. எங்கள் வட்டாரத்தில் இருபத்துநான்கு ஏரிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் கரையையும் நடந்து அளந்தாள். என் முழங்கால் இடம் கொடுத்தவரை ஒன்பது ஏரிக்கு நானும் கூடப் போனேன். ஒன்பதாவது ஏரியில் முள் குத்தி, கனகம்மாசத்திரத்தில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியதோடு சரி. இருபத்துநான்கில் மூன்று ஏரிகளுக்குள் அரசாங்கமே கட்டடம் கட்டியிருந்தது. ஆய்வேட்டின் நான்காம் இயல் அந்த மூன்றைப் பற்றியது. முப்பத்தெட்டு பக்கம். எந்தக் காலத்து வரைபடத்தில் அது தண்ணீர், எதில் தரிசு, எதில் கட்டடம் என்று மட்டும் சொல்லும். கோபமான சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. இருந்த இரண்டையும் நானே அடித்துவிட்டேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் துறையில் ஒரு கூட்டம் வைத்து அதன் சுருக்கத்தைச் சொல்ல வேண்டும். சொன்னாள். அடுத்த வாரம் முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவரும் என்னோடு வேலை பார்த்தவர்தான்.

"சார், மேல இருந்து ஒரு போன் வந்தது. 'உங்க காலேஜ்ல ஏரியப் பத்தி என்னவோ எழுதறாங்களாமே, கொஞ்சம் பாத்துக்கங்க'ன்னாங்க. அவ்ளோதான். உத்தரவுன்னு யாரும் சொல்லல."

"எழுத்துல குடுக்கச் சொல்லுங்க."

"எழுத்துல குடுத்தா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க. அதுக்குத்தானே சார் போன்ல சொல்றாங்க."

"அதுல ஒரு எண் தப்புன்னு காட்டட்டும். நானே எடுத்துடறேன்."

"எண்ணு தப்புன்னு யாரு சார் சொன்னா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு இங்க கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் ஜூன்ல புதுப்பிக்கணும். அதுவும் அதே மேல இருந்துதான் வரணும்" என்றார்.

எனக்குக் காப்பி வந்தது. சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியும் போட்டிருந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நாலாம் இயல எடுத்துட்டேன் சார்."

"சரி."

"அஞ்சு நாலாயிடுச்சு, ஆறு அஞ்சாயிடுச்சு. பக்க எண்ணெல்லாம் மாத்திட்டேன்."

"சரிம்மா."

"திட்டுங்க சார்."

மூன்று பேர் சாப்பிடும் வீட்டில் அவளுடையது ஒன்றுதான் மாதச் சம்பளம். தறி ஓடினால் உண்டு, மின்சாரம் நின்றால் இல்லை. அவள் போன பிறகு வெகுநேரம் தொலைக்காட்சி பார்த்தேன். என்ன ஓடியது என்று நினைவில்லை.

தடை என்று ஒன்று வந்தால் எதிர்க்கலாம். சங்கம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஒற்றை வார்த்தையை எங்கே கொண்டுபோய் எதிர்ப்பது? ஏரி எத்தனை ஏக்கர் என்று அளப்பதற்கு, அதில் கட்டடம் கட்டியவர் சம்மதம் வேண்டும் என்றால் கல்லூரிக்குப் பதிலாக இன்னொரு அலுவலகம் திறந்துவிடலாம். சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, சரி. சம்பளம் கண்டுபிடிப்பதற்குத்தான். என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்கு இல்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் ஆய்வேட்டைப் பொதுப் பார்வைக்கு நூலகத்தில் வைத்தார்கள். போய்ப் படித்தேன். சுத்தமாக எடுத்திருந்தாள். நூற்பட்டியலில்கூட அந்த இயலின் சாயல் இல்லை. அட்டவணைகளில் இருபத்தொரு ஏரிகள். கடைசியில் மடித்து வைத்த பெரிய வரைபடம் இருந்தது. பழக்கதோஷம், அதிலும் ஏரிகளை எண்ணினேன். இருபத்துநான்கு. மறுபடி எண்ணினேன். இருபத்துநான்குதான். மற்ற ஏரிகளைப் போலவே அந்த மூன்றும் நீல நிறத்தில், பெயரோடு இருந்தன.

அவசரத்தில் மறந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வாயால் சொல்லி எடுத்ததை வாயால் கேட்டே திரும்ப வைக்கலாம் என்று தோன்றியது. நான் அந்தக் கணக்கைக் கேட்பேன். அவள் அந்த மூன்று ஏரிகளைப் பற்றி நாலு வாக்கியம் சொல்வாள். கேள்வியும் பதிலும் அறிக்கையில் ஏறும், பல்கலைக்கழகத்தில் கோப்பாகும். முதல்வரும் 'பார்வையாளர் யாரோ கேட்டுவிட்டார்' என்று கையை விரித்துவிடலாம். முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் கண்ணியமான மனிதர். ஆறு கேள்வி கேட்டார். ஆறுக்கும் நன்றாகப் பதில் சொன்னாள். மலையிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வரும்போதெல்லாம் நிறுத்தி, அது ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தாள். முன்வரிசை ஓரத்தில் எனக்குத் தெரியாத ஒருவர் கைபேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

"பார்வையாளர்கள் யாராவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார் நெறியாளர். கையைத் தூக்கினேன். ஒலிவாங்கி என்னிடம் வர நேரமானது.

"வரைபடத்தில் இருபத்துநான்கு ஏரிகள் இருக்கின்றன. அட்டவணையில் இருபத்தொன்றுதான். மற்ற மூன்றைப் பற்றி ஆய்வாளர் சொல்ல வேண்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார், இத்தனை பெரிய மனிதர்கள் மகளைக் கேள்வி கேட்கிறார்களே என்று. கைபேசிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அந்த மூன்று ஏரிகளும் என் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை சார்."

நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அது. பதில் தெரியாத கேள்வி வந்தால் திணறாதே, மறுக்காதே, எல்லைக்குள் வரவில்லை என்று சொல்லிவிட்டு நில், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று என்னிடம் ஆய்வு செய்த எட்டுப் பேருக்கும் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

புறத்தேர்வாளர்தான் பேசினார். "நல்ல கவனிப்பு ஐயா. எல்லைக்குள் வராதது வரைபடத்திலும் இருக்கக் கூடாது. அந்த மூன்றையும் நீக்கிவிட்டு இறுதிப் படியைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. சின்னத் திருத்தம்தான்."

"ஆகட்டும் சார்" என்றாள்.

நெறியாளர் எழுதிக்கொண்டார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். இருபத்தாறு பேரும் கைதட்டினார்கள். காய்ச்சலைச் சொல்லிச் சீண்டிய மைத்துனர் விசில் அடித்து, முதல்வர் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். புறத்தேர்வாளருக்குச் சால்வை, முதல்வருக்குச் சால்வை, எனக்கும் ஒன்று.

சாப்பாடு ஆய்வுக்கூட மேசைகளில். கிருத்திகை என்பதால் வெங்காயம்கூட இல்லாத சாம்பார். அவளே பரிமாறினாள். என் இலைக்கு வந்து வடையை வைத்தபோது குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"மேப்புல நானாத்தான் விட்டு வெச்சிருந்தேன் சார்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"யாரும் எண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அடுத்த இலை புறத்தேர்வாளருடையது. அங்கே போய்விட்டாள்.

"இன்னா சார், ஒண்ணுமே சாப்பிடல நீங்க!" என்று அப்பா பாயச வாளியோடு வந்து நின்றார். "நீங்க கேட்டீங்களே ஒரு கேள்வி, சொம்மா நச்சுனு! எம் பொண்ணும் வுடல, பாத்தீங்களா, டக்குனு சொல்லிட்டா."

"ஆமாங்க" என்றேன். சர்க்கரை வியாதி என்று சொல்ல வந்தவன், சொல்லாமல் அந்தப் பாயசத்தைக் குடித்தேன்.

ஜூனில் அவளுடைய பணியைப் புதுப்பித்துவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னாள், வாழ்த்தினேன். திருத்திய படி நூலகத்துக்கு வந்த பிறகு ஒரு நாள் போனேன். வரைபடத்தை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். அந்த மூன்று இடங்களிலும் சுற்றியிருந்த நிலத்தின் வெளிர்மஞ்சள் நிறம் இருந்தது. நன்றாகப் பொருந்தியிருந்தது, ஓரம்கூடத் தெரியவில்லை. அட்டவணையில் இருபத்தொன்று, வரைபடத்தில் இருபத்தொன்று. மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிட்டு வந்தேன்.