ஏழு மணிக் கூட்டம்

1. மூன்று பேர் வந்த கூட்டம்

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்தது அறுபத்து மூன்றில். சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் லோயர் பாஸ். இந்த இரண்டு சர்டிபிகேட்டையும் வைத்துக்கொண்டு உலகத்தையே ஆளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு.

சேர்ந்த முதல் நாளே தலைவர் கூப்பிட்டார். "மகாசபை போடணும்ப்பா. நாள் பாத்து நோட்டீஸ் அடி" என்றார். மகாசபை என்றால் சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் கூடும் கூட்டம். முன்னூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் ஐம்பது பேராவது வந்தால்தான் கோரம். இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது.

நான் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல முகூர்த்தமாக ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இரவல் வாங்கினேன். இரண்டு டின் காராச்சேவு, ஒரு அண்டா காப்பி. அஜெண்டாவை ஸ்டென்சில் வெட்டி அழகாக உருட்டி எடுத்தேன். வந்தது மூன்று பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் நூல் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் காதர் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் சார், தறி ஓடுற நாளுல கூட்டம் வச்சா தறிக்காரன் எப்படி வருவான்? அமாவாசைக்கு வைங்க. அன்னிக்குத்தான் ஊரே தறியை நிப்பாட்டும். வேணாம்னாலும் வந்து உக்காந்துருவாக" என்றார்.

அடுத்த அமாவாசைக்கு வைத்தேன். பெஞ்சு போதவில்லை, வாசல் வரை நின்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு கூட்டத்தில் பெஞ்சும் காப்பியும் அஜெண்டாவும் அப்புறம். முதலில் நாள். அந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

2. சைக்கிளில் போன கூட்டம்

மகாசபை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். நிர்வாகக் குழுக் கூட்டம் மாதம் ஒன்று. டைரக்டர்கள் ஒன்பது பேர். அந்தக் கூட்டத்துக்கு நான் நாளே பார்க்க வேண்டியதில்லை, ஏனென்றால் அது நடப்பதே இல்லை.

தலைவர் என்ன தீர்மானம் வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்வார். நான் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவேன். 'ஆஜரானவர்கள்' என்று ஒன்பது பெயரையும் வரிசையாகப் போட்டு, 'விவாதித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று முடிப்பேன். ஒருத்தரும் வாயைத் திறக்காத விவாதம்! காதர் பாய் புத்தகத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். ஒருவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து இடது கையில் புத்தகத்தைப் பிடித்துக் கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் முடிவெட்டிக்கொண்டே போடுவார்.

"இன்னிக்குக் கூட்டம் நல்லபடியா முடிஞ்சது சார். மூணாவது தெருவுலதான் பங்சராயிருச்சு" என்பார் காதர் பாய் திரும்பி வந்து. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஊரில் எல்லாச் சங்கத்திலும் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது.

3. சௌடப்பன் எழுந்தார்

சௌடப்பன் எங்கள் சங்கத்து உறுப்பினர். இரண்டு தறி வைத்திருந்தார். வீட்டில் கன்னடம், வெளியே நம்மைவிட வேகமாகத் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் எல்லாம் அவர் வீட்டில்தான் சோறு. கணக்கு வைத்தால் நூறு வேளைக்குக் குறையாது. அந்த வீட்டம்மாள் சௌடம்மாள் பரிமாறிக்கொண்டே கன்னடத்தில் ஏதோ சொல்வார், அண்ணன் சிரிப்பார். என்ன என்று நான் கேட்டதில்லை.

அறுபத்தெட்டில் ஒரு அமாவாசை மகாசபை. வழக்கம்போல் அந்த வருடத்துத் தீர்மானங்களை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பெயர்களோடு வாசிப்பது வழக்கம். யாரும் கேட்பதில்லை, காராச்சேவு மெல்லும் சத்தம்தான் கேட்கும். நடுவில் சௌடப்பன் எழுந்தார்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து. தை அமாவாசைக்கு மறுநா நடந்த கூட்டத்துல, நாலாவது பேரு என்ன வாசிச்ச?"

நான் அந்த டைரக்டரின் பெயரை மறுபடி வாசித்தேன்.

"அன்னிக்கு அவுக என்கூட ராமேசுரத்துல இருந்தாக. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கடல்ல முங்குனோம். இங்க எப்படி வந்து கையெழுத்துப் போட்டாக? நீந்தியா வந்தாக?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. சௌடப்பன் சிரிக்கவில்லை. "எழுதுன தம்பியை நான் குத்தஞ் சொல்லல. சொன்னதை எழுதுது. இப்படி நடக்காத கூட்டத்துலதான் நமக்கு வர்ற நூலு வேற எடத்துக்குப் போகுது. இத மதுரைக்கு, டிபார்ட்மெண்டுக்கு எழுதத்தான் போறேன்" என்றார்.

என்னைக் குற்றம் சொல்லவில்லை என்று அவர் சொன்னது எனக்குக் காதில் விழத்தான் செய்தது. ஆனால் முன்னூறு பேர் சிரித்ததுதான் பெரிதாக விழுந்தது. அந்தப் புத்தகம் முழுக்க என் எழுத்து.

4. நாள் பார்த்தேன்

மறுநாள் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"அவனைச் சங்கத்தை விட்டு எடுக்கணும்ப்பா. சங்கத்துக்கு அவப்பேரு உண்டாக்குனான்னு எழுது."

"மகாசபையிலதான் எடுக்க முடியும் சார். வந்தவுகள்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும். அவரு பதில் சொல்றதுக்கும் நேரம் குடுக்கணும்."

"அமாவாசைக்கு வச்சா அவன் பக்கமில்ல கை தூக்குவானுக." கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "டிபார்ட்மெண்டுல இருந்து ஆள் வந்து அந்தப் புத்தகத்தைப் பாத்தா மொதல்ல யாரு வேலை போகும்? கையெழுத்து யாருதா இருந்தாலும் எழுத்து உன்னுது. யோசிச்சுக்க."

யோசித்தேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பயம் பாதி. மீதிப் பாதி பயமில்லை, அதை இன்றைக்கு ஒளிக்கப் போவதில்லை. எல்லார் முன்னாலும் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டாரே என்ற ஆத்திரம். இரண்டும் சேர்ந்து வேலை செய்தது. தலைவருக்குத் தோன்றாத யோசனை எனக்குத்தான் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து மூன்று வாரமாகச் சங்கத்துக்கு நூல் வராமல் கிடந்தது. தறிகள் எல்லாம் சும்மா நின்றன. பல வீட்டில் ஒரு வேளைதான் உலை. நூல் கையில் கிடைத்தால் நாலாம் நாள் விடியற்காலம் பாவு தெருவுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் இழை. அதைத் தெரு நெடுகக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷால் நீவிக்கொண்டே போக வேண்டும். நாலைந்து பேர் வேண்டும், ஒருத்தருக்கொருத்தர் கூடமாட நிற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், அத்தனை நூலும் பாழ். பாதியில் போட்டுவிட்டு எமன் கூப்பிட்டாலும் போக முடியாது.

நான் சொன்னேன்: "சார், கூட்டத்தைக் காலையில ஏழு மணிக்கு வைப்போம். நூலு வந்ததும் ஆளாளுக்குக் குடுக்காம ஸ்டாக் வைப்போம். கூட்டத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே நாளுல குடுத்துருவோம். அன்னிக்கு ஒரு தெரு பாக்கியில்லாம பாவு கெடக்கும். கோரம் சேராது. நம்ம சங்கத்துப் பைலா விதிப்படி கோரம் இல்லேன்னா அரை மணி கழிச்சு மறுபடி கூடலாம். அப்ப வந்தவுகளே போதும்."

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவன் படிச்சவன்தாம்ப்பா" என்றார். வெட்கங்கெட்டவன், அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

5. ஏழு மணி, ஏழரை மணி

நோட்டீஸ் சட்டப்படி முன்கூட்டியே போனது. அத்தனை பேரும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். பிறகு நூல் கொடுத்தோம். மூன்று வாரம் காய்ந்து கிடந்தவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை நான்தான் கவுண்டரில் நின்று பார்த்தேன்.

கூட்டத்தன்று காலை ஆறரைக்கு ஆபீசுக்கு நடந்தேன். வழியெல்லாம் பாவு. சைக்கிள் போக இடமில்லை. கஞ்சி வாடை. சௌடப்பன் தெருவில் அவர் பாவும் கட்டிக் கிடந்தது. சௌடம்மாள் ஒரு கையில் கஞ்சிச் சட்டியோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தெரு வழியாகப் போய்விட்டேன்.

ஏழு மணிக்குத் தலைவரும் டைரக்டர்களும் அவர்களுடைய மச்சினன், பங்காளி என்று பதினெட்டுப் பேர். எதிரே சௌடப்பன் ஒருவர். தன் பாவை விட்டுவிட்டு வந்திருந்தார். ஏழு மணிக்குக் கோரம் இல்லை என்று எழுதினேன். அரை மணி நேரம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவை முடிச்சுட்டு வாரேன்னாக. கொஞ்சம் பொறுங்க, வந்துருவாக" என்றார் யாரிடமோ.

ஏழரைக்கு மறுபடி கூட்டினோம். அவர் பேசினார். ராமேசுரத்தைப் பற்றித்தான் சொன்னார், பொய்யா என்று அந்த டைரக்டரைக் கேட்டார். டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பதினெட்டுக் கை. எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டோம்.

எட்டரை இருக்கும். கையெல்லாம் கஞ்சியோடு இருபது, முப்பது பேர் ஓடி வந்தார்கள். வேட்டியைக்கூட இறக்கிக் கட்டவில்லை. "என்ன சார், முடிஞ்சிருச்சா? எட்டரைதானே ஆகுது!" என்றார்கள். காதர் பாய் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பைலாவில் உள்ளதைச் சொன்னேன்.

சௌடப்பன் படியில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. "தலைவருக்கு இந்த மூளை கெடையாது. பாவு நாள் பாத்தது நீங்கதானே, கிளார்க்கய்யா?" என்று கேட்டார்.

அதுவரை நான் அவருக்குத் தம்பி.

அவர் பாவு அன்றைக்கு வீணானது. அதற்குப் பிறகு சங்கத்து நூல் அவருக்கு இல்லை. தனி முதலாளிகளும் தலைவருக்குப் பயந்து கொடுக்கவில்லை. ஒரு வருடத்தில் இரண்டு தறியையும் விற்றுவிட்டு ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு மூட்டை தூக்கப் போனார். மதுரைக்கு எழுதினாரா, எழுதியும் ஒன்றும் நடக்கவில்லையா, எனக்குத் தெரியாது. யாரும் வந்து புத்தகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அடுத்த வருடமே தலைமைக் கிளார்க் வேலை.

6. அமாவாசை

எழுபத்து நான்கில் விருதுநகர்ப் பக்கம் இன்னொரு சங்கத்தில் எனக்குச் செயலாளர் வேலை கிடைத்தது. பிரிவுபசாரக் கூட்டம் வைக்க வேண்டும் என்றார்கள். நாளை நானே குறித்தேன். அமாவாசை, மாலை நாலு மணி. தறி எல்லாம் நிற்கும், எல்லாரும் வருவார்கள். பதினோரு வருடம் நூல் கொடுத்த கை அல்லவா? லிஸ்டையும் நானே எழுதினேன். கடைசியில் சௌடப்பன் பெயரையும் சேர்த்தேன்.

காதர் பாய் லிஸ்டைப் பார்த்தார். "அவுக மெம்பர் இல்லையே சார்" என்றார்.

"இருக்கட்டும் பாய். குடுங்க."

அன்றைக்குப் பெஞ்சு நூறு பேருக்குப் போட்டிருந்தோம். நாலு மணிக்குத் தலைவர் வந்தார், டைரக்டர்கள் வந்தார்கள். மாலை வந்தது. நாலேகால் ஆனது. வெளியே தெருவில் ஆட்கள் வேலையில்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தரும் படியேறவில்லை.

"நோட்டீசு குடுத்தீங்களா பாய்?"

"ஒரு வீடு விடல சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாக. இந்தாங்க." லிஸ்டை நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "கோரம் இல்ல போலயே. அரை மணி பாப்பமா சார்?"

ஆறு வருடமாக அந்த மனிதர் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

லிஸ்டைப் பார்த்தேன். அத்தனை பெயருக்கும் நேரே கையெழுத்து. நான் எழுதிய மினிட்ஸ் மாதிரியே கையெழுத்து நிறைய இருந்தது, ஆள்தான் இல்லை. கடைசிப் பெயருக்கு நேரே மட்டும் கையெழுத்து இல்லை. பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தது.

'அன்றைக்கு எனக்குப் பாவு இருக்கிறது. வர இயலாது.'

ஊரே தறியை நிறுத்தும் அமாவாசையில், தறியே இல்லாத மனுஷன்.

புதிதாகச் சங்க வேலைக்கு வரும் பிள்ளைகள் கூட்டம் நடத்துவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். நோட்டீஸ், அஜெண்டா, கோரம் எல்லாம் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஒன்றை மட்டும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பவர் நாள் குறிக்கச் சொன்னால், அந்த நாளில் யாரால் வர முடியாது என்று பாருங்கள். அது தெரிந்தே குறித்தீர்களானால், கை தூக்கியவர்களில் முதல் ஆள் நீங்கள்தான். மினிட்ஸில் பதினெட்டுக் கை என்று எழுதினேன். பத்தொன்பது என்று எழுதியிருக்க வேண்டும்.