நூற்றிரண்டு கிலோ

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேய், முனி என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மாடசாமிக்கு ஆடு வெட்டும்போதுகூட கறிக்காகத்தான் போய் நிற்பேன்.

தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பழைய ரப்பர் மரங்களைப் பிடுங்கி, நிலத்தைச் சமப்படுத்தி ஒரு விமான சேவை தொடங்கினார்கள். விமான சேவை என்றால் ஒரே ஒரு பிளேன், எட்டு சீட். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பெரிய பலகை எழுதி வைத்தார்கள், கடைசி வரை கொழும்பைத் தாண்டவில்லை. அவிசாவளை வழியாக பஸ் ஓடும்போது இதற்கு எதற்கு பிளேன் என்று முதல் நாளே கேட்டேன், எவன் காதில் போட்டுக்கொண்டான்? இரத்தினபுரி மாணிக்க வியாபாரிகள் கொஞ்ச நாள் ஆசைக்கு ஏறினார்கள், அவ்வளவுதான்.

சின்ன பிளேன் என்பதால் ஆளையும் பையையும் எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற என்னைத் தராசோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவோம், கை அப்படியே பழகிவிட்டது. ஒரு மாதம் பயணிகளுக்கும் தலைக்கு இரண்டு கிலோ கழித்து எழுதித் தொலைத்திருக்கிறேன்! பிளேன் ஏன் எழும்பச் சோம்பல்படுகிறது என்று பைலட் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் மேனேஜர் நிலந்த மஹத்தயா கத்தின கத்து லயம் வரைக்கும் கேட்டது. இன்னொரு தடவை ஒரு கிலோ மாற்றி எழுதினாலும் வேலை இல்லை என்றார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி செல்வமலருக்கு, சைப்ரஸில் வீட்டு வேலைக்குக் கொழும்பில் நேர்முகம் வந்தது. மூன்று வருடம் ஏங்கிக் காத்திருந்த கடிதம். நேர்முகத்துக்கு முதல் நாள் மழையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. நிலந்த மஹத்தயா பாவப்பட்டு பிளேனில் ஒரு சீட் கொடுத்தார்.

செல்வமலர் ஐம்பத்தொரு கிலோ. நேர்முகத்தன்று காலையில் தராசில் ஏறினாள், நூற்றிரண்டு காட்டியது. இறக்கிவிட்டு நான் ஏறினேன், சரியாக இருந்தது. ஐம்பது கிலோ உர மூட்டையை வைத்தேன், சரியாக ஐம்பது. அவள் திரும்ப ஏறினாள், நூற்றிரண்டு! நம்பினால் நம்புங்கள், ஐந்து தடவை பார்த்தேன். இரண்டு செல்வமலர் நிற்கிற மாதிரி. எனக்குப் பயமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பைலட் பிளேனிலிருந்து சத்தம் போடுகிறார்.

"கொழுந்துக்கெல்லாம் கழிக்கத் தெரியுதுல்ல? பொண்டாட்டிக்கு அம்பது கிலோ கழிச்சு எழுதுனா என்னங்க?" என்றாள்.

"வேல போயிரும்டி."

"ஒங்க வேலதான் வேல, என்னா?"

நான் நூற்றிரண்டு என்றே எழுதினேன். பைலட் தாளைப் பார்த்துவிட்டு, "பாரம் கூட. ஏத்த ஏலாது" என்று சொல்லி ஏழு பேரோடு கிளம்பிவிட்டார். செல்வமலர் என் தோளில் முட்டி முட்டி அழுதாள், சட்டையே நனைந்துவிட்டது.

அவள் அழுகை நிற்பதற்குள் கொழும்பு கவுண்டரிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். "அண்ணே, ஒங்க லிஸ்ட்ல ஏழு பேரு. இங்க எட்டுப் பேரு எறங்கியிருக்காங்க. ஒருத்தங்க பேரு செல்வமலராம்." விளையாடாதே என்று நன்றாக ஏசி வைத்துவிட்டேன்.

பத்து நாளில், செல்வமலர் தெரிவாகிவிட்டாள் என்று கடிதம் வந்தது. போகாத நேர்முகத்துக்கு எப்படி? இரண்டு பேரும் பஸ் பிடித்து ஏஜென்சிக்குப் போனோம். அங்கிருந்த ஐயா அவளைப் பார்த்துச் சிரித்து, "அன்னைக்கு நல்லா பதில் சொன்னீங்க" என்று விண்ணப்பத்தை நீட்டினார். அவள் கையெழுத்தேதான். கணவர் என்ற இடத்தில் 'காலமானார்' என்று எழுதியிருந்தது. ஐயா என்னைப் பார்த்து, "இவர் ஒங்க அண்ணனா?" என்று கேட்டார். செல்வமலர் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல? வேலை முக்கியம் என்று சொன்னவன் நான்தானே. அடுத்த மாதமே அவள் போய்விட்டாள். மழைக்காலம் வந்ததும் ஓடுதளம் சேறாகி, பிளேன் கொழும்பிலேயே நின்றுகொண்டது. ஒரு காலை நிலந்த மஹத்தயாவும் வரவில்லை. எந்த வேலைக்குப் பயந்து அவளை நிறுத்தினேனோ அந்த வேலையும் போயிற்று. விமான சேவையின் ஆயுள் மொத்தம் எட்டு மாதம்.

செல்வமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். போன வாரம் பொறுக்க முடியாமல், அன்றைக்கு உன் பெயரில் கொழும்புக்குப் போனது யார் என்று கேட்டேவிட்டேன்.

"நாந்தான் போனேன்," என்றாள். "ஜன்னல் சீட்டு. மேலேருந்து ஒங்களப் பாத்தேனே, கிரவுண்ட்ல நீங்க மட்டும் தனியா நின்னு யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தீங்க."