மேளம் நின்ற தெரு

சில வருடங்களுக்கு முன், கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ராயபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. எண்ணூர் முகத்துவாரத்து மட்டிச் சிப்பிகளில் என்னென்ன உலோகங்கள் படிந்திருக்கின்றன என்பது என் ஆய்வு. வெளிநாட்டில் ஓர் அறிவியல் மாநாட்டில் அதைப் பற்றிப் பேச இடம் கிடைத்திருந்தது. போய்வர வசதிதான் இல்லை. மாணவர்களுக்கான பயண உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். கடைசிக் கட்டமாகக் கணினி வழியே ஒரு நேர்காணல். தேறினால் விமானம், தேறாவிட்டால் மறுபடி சேறும் மட்டியும்தான்.

விடுமுறை என்பதால் கல்லூரி பூட்டியிருந்தது. வீட்டிலேயே மின்விசிறியை நிறுத்தி, குக்கர் வைக்கக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டு, எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்திருந்ததை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் சாவு என்றால் மேளம், வெடி, ஆட்டம் எல்லாம் உண்டு. மூலக்கொத்தளம் சுடுகாடு வரை வழியெல்லாம் அதிரும்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே மேளம் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது. திரையில் இருந்த பேராசிரியர் என்ன சத்தம் என்றார். சாவு ஊர்வலம் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். சாவு வீட்டுக்காரர்களிடம் போய் இதையெல்லாம் கேட்க முடியுமா? அம்மா கண்டுகொள்ளவில்லை. செருப்புகூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடியோடு நின்றது. கணினிதான் படுத்துவிட்டது என்று நினைத்தேன். நான் பேசுவது கேட்கிறதா என்றேன். நன்றாகக் கேட்கிறது என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே நிறைய பேர் நடக்கும் காலடிச் சத்தம் மட்டும் வந்தது. நான் மட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். ஊர்வலம் அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகுதான் மேளம் மறுபடி ஆரம்பித்தது.

முடித்துவிட்டு வெளியே வந்தால் தெருவெல்லாம் சாமந்திப்பூ. அம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா சொன்ன அவங்ககிட்ட?"

"பொண்ணு கம்ப்யூட்டர்ல பரீட்ச எய்திகினு கீதுன்னேன். செத்தவரோட புள்ளதான் கைய தூக்கி மோளத்த நிறுத்துனான். 'எங்க நைனாவுக்கு மோளம்னா உசுரு. ஒரு தெரு சும்மா போனா கோச்சிக்க மாட்டாரு. நீ வூட்டுக்குப் போக்கா'ன்னான்."

இறந்துபோன அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உதவித்தொகை கிடைத்தது. மாநாட்டுக்குப் போனேன். பேச்சின் கடைசியில் நிதி கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம், சொன்னேன். தன் அப்பாவின் கடைசி ஊர்வலத்திலிருந்து ஒரு தெருவை எனக்கு எடுத்துக் கொடுத்தவருக்கு எங்கே எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இன்றும் எங்கள் தெருவில் சாவு மேளம் கேட்டால், போவது யாராக இருந்தாலும், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அது கடந்து போகும்வரை வாசலில் நிற்கிறேன். எனக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான்.