மாட்டுப்பட்டியில் கிடைத்த சயாம் சேதி

1952 மே மாதம், முதல் வாரம். விடிந்ததும் வேலந்தாவளத்தில் பஸ் ஏறினேன். மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போன என் அண்ணனை, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது வருடமாகிறது. பிறகு ஒரு தகவலும் இல்லை. அவரோடு அங்கே இருந்த சுடலைமுத்து, மாட்டுப்பட்டியில் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாக இப்போதுதான் தெரிந்தது.

"இருக்காரா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு வந்துருங்க" என்றார் அண்ணி.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை. அங்கிருந்து மறையூர் வழியாக மூணாறு ஐம்பது மைலுக்கு மேல். லாரியில் இரண்டு ரூபாய்க்கு இடம் கிடைத்தது. சின்னாறு எல்லையில் அரிசி கடத்துகிறோமா என்று சாக்குகளைக் குத்திப் பார்த்தார்கள்.

மதியம் மூணாறு டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டதாம். அமெரிக்கப் படை ஜப்பானிலேயே தங்கிக் கிழக்காசியாவைக் காக்குமாம்.

"ஏனுங்க, குண்டு போட்டவனும் வாங்குனவனும் ஒண்ணாயிட்டானுங்களா?" என்றார் லாரி டிரைவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மாட்டுப்பட்டி அங்கிருந்து எட்டு மைல். அணை வேலைக்குச் சிமெண்டு ஏற்றிய வண்டியில் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் பெயரைச் சொன்னதும் சுடலைமுத்து தன் லயத்து வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"காலரா, அண்ணாச்சி. குழியில தீ மூட்டி, கெடந்தவங்களத் தூக்கிப் போடச் சொன்னான் ஜப்பான்காரன். ஒங்க அண்ணனுக்கு நாந்தான் தலமாட்டுல புடிச்சேன்."

"அப்ப உசுரு இருந்துச்சுங்களா?"

"தண்ணின்னு கேட்டாரு. நான் புடிய விடல. துப்பாக்கிக் கட்டையால கையில அடிச்சான். விட்டுட்டேன்."

கொஞ்சம் தெளிந்ததும் டீக்கடையில் கேட்டதைச் சொன்னேன்.

"அமெரிக்காக்காரன் ஜப்பான்காரனத் தூக்குல போடுவான்னுல்லா சொன்னாங்க?"

"சில பேரைப் போட்டாங்க. மிச்சப் பேருக்கு இப்ப அவன்தானுங்க காவல்."

சுடலைமுத்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் உடுமலையிலிருந்து பஸ்ஸில் திரும்புகையில், பக்கத்து இருக்கைக்காரர் அதே ஒப்பந்தத்தை மெச்சினார். சீனாவும் ரஷ்யாவும் முன்னேறாமல் தடுக்க ஜப்பான் வேண்டுமாம்.

"பழசையே நெனச்சுட்டிருந்தா உலகம் நடக்குமுங்களா?"

"எங்களுக்குப் பழசில்லீங்க" என்றேன். "எங்க ஊட்டுல எங்கண்ணன் இன்னிக்குச் சாயந்தரந்தான் சாகப்போறாரு."

பொள்ளாச்சியில் இறங்கினேன். வேலந்தாவளம் பஸ் தயாராக நின்றது. அதை விட்டுவிட்டு, அடுத்ததையும் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் போகவேண்டுமே என்று கடைசியில் ஒன்றில் ஏறினேன்.